சப்பை மூக்கனுக்கு நாலு கால்

ஆபீஸில் மூன்று வாரம் லீவு கேட்டேன். மேனேஜர் (என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவர்) நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்லை சார். அப்பாவோட வண்டியை ரிப்பேர் பண்ணணும்."

"சர்வீஸ் சென்டர்ல விட்டா சாயங்காலமே குடுத்துடுவாங்களே?"

"1968 மாடல் சார்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரி வார்டில் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்களுக்குத் தாண்டிக்குடி பக்கம். கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு ஏரி, படகு, குல்லாய், சாக்லேட் ஞாபகம் வரும். அதே பழனி மலைதான், ஆனால் நாங்கள் கீழ் வீட்டுக்காரர்கள். காபி, மிளகு, மலைவாழை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. வெயில் காலத்தில்தான் அது பாதை. ஐப்பசி வந்தால் அல்வா.

அந்த அல்வாவில் ஓட்டுவதற்காகத் தாத்தா வாங்கியதுதான் மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். எஃப்.சி. என்றால் ஃபார்வர்ட் கன்ட்ரோல். சாதா ஜீப்பை எடுத்து, பானெட்டை வெட்டி எறிந்துவிட்டு, டிரைவரைத் தூக்கி முன் சக்கரத்தின் தலைமேல் உட்கார வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். நீளம் குறைவு, லோடு ஏற்ற இடம் ஜாஸ்தி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் கொண்டு வந்தது. 1965-லிருந்து நம்மூரில் மஹிந்திரா செய்தார்கள். இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். மார்கழியில் சுகம். சித்திரையில் இடது தொடை வெந்துவிடும். சுவரில் முட்டி மூக்கை இழந்த ஜீப் மாதிரி இருப்பதால் நாங்கள் வைத்த பெயர் சப்பை மூக்கன்.

(மஹிந்திரா அண்ட் மஹிந்திரா 1945-ல் ஆரம்பித்தபோது பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பார்ட்னர் குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி மந்திரியாகி, பிற்பாடு கவர்னர் ஜெனரலே ஆகிவிட்டார். 'எம் அண்ட் எம்' என்று ஏற்கெனவே அச்சடித்தது வீணாகவில்லை!)

ஃபோர் வீல் டிரைவ் என்றால் என்ன என்று ஆபீஸில் ஒரு பையனைக் கேட்டேன். "நாலு சக்கரமும் ஓடும் சார்" என்றான். எந்த வண்டியில்தான் ஓடாது? விஷயம் அதில்லை. சாதாரண வண்டியில் இன்ஜின் உந்துவது இரண்டு சக்கரத்தைத்தான். மற்ற இரண்டும் ஓசி சவாரி. பிக்கப்பில் உந்துவது பின் சக்கரம். லோடு இருந்தால் அது தரையைக் கவ்விப் பிடிக்கும். காலி வண்டி என்றால் பின்பக்கம் இலவம் பஞ்சு, சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும். அதிலும் எஃப்.சி.யில் இன்ஜின், டிரைவர், கிளீனர் எல்லாருமே முன் சக்கரத்தின் மேல். எடை பூராவும் முன்னால், உந்துவது பின்னால். அதனால்தான் கம்பெனியிலேயே முன் சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுத்திருந்தார்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு குட்டிப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னாலும் ஒன்று முன்னாலும் போகும். 'லோ' என்று ஒரு லீவர் உண்டு. போட்டால் வண்டி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு மெதுவாகப் போகும், இழுவை அதே அளவு கூடும். நடந்து வருகிற ஆள் வண்டியை ஓவர்டேக் செய்யலாம். ஆனால் வண்டி நிற்காது.

இந்த முன் சக்கர ஓட்டத்தைத்தான் அப்பா 1987-ல் கழட்டிவிட்டார்.

"பெட்ரோல் குடிக்குதுடா. கட்டுப்படியாகலை" என்றார். நம்பினேன். அப்போது நிறைய பேர் முன் ஷாஃப்ட்டைக் கழட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்களுக்கு வேறு கஷ்ட காலம். மலைவாழையில் முடிக்கொத்து நோய் வந்திருந்தது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். இலைகள் உச்சியில் கொத்தாகச் சுருண்டு நிற்கும், குலையே தள்ளாது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சிப் பழம் அது. மலை முழுக்க மரம் மரமாக வெட்டி எறிந்தார்கள். நாங்களும்தான்.

அதே வருஷம் நான் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் சேர்ந்தேன்.

அடுத்த வருஷம் நவம்பர். ராத்திரி பதினொரு மணி, பேய் மழை. பாட்டிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்பா சப்பை மூக்கனில் பாட்டியைப் படுக்க வைத்து, பின்னால் நாலு மூட்டை மண்ணையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பலாமரத்து வளைவில் பின் சக்கரம் புதைந்துவிட்டது. கயிறு கட்டி, ஆள் திரட்டி இழுத்து மேலே ஏற்ற இரண்டரை மணி நேரம். பாட்டி பிழைத்துக்கொண்டாள். வலது கை மட்டும் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இடது கையால்தான் சாப்பிட்டாள்.

லீவுக்கு வந்த நான், செகண்ட் இயர் மெக்கானிக்கல் மேதை, அப்பாவை உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். எடை, பிடிமானம், உராய்வு எல்லாம் நோட்டில் படம் போட்டு. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னேன்: "பெட்ரோல்ல மிச்சம் பிடிக்கப் போய் பாட்டி கை போச்சு."

அப்பா நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காபிக்களத்துக்குப் போய்விட்டார்.

2005-க்குப் பிறகு வண்டி ஓடவில்லை. ஷெட்டில் கோழி அடைகாத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மேலே மரம் விழுந்து ஷெட்டு நசுங்கியது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தகரம் இரும்பாக இருந்த காலத்து வண்டி. அப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயசு, அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் அவுட். சென்னைக்கு வரச் சொன்னால் "அங்க வந்து யாரைப் பார்க்க?" என்கிறார். மழைக்காலத்தில் நூற்றியெட்டுக்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நிற்கும், மூன்று கிலோமீட்டர் நாம் போக வேண்டும். போன தீபாவளிக்கு அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அதான் லீவு.

வத்தலக்குண்டில் பாய் என்று ஒரு மெக்கானிக். அறுபத்து மூன்று வயசு. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினதும், வீட்டுக்குச் சம்பந்தி வந்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி, ஓட்டைகளில் டீசலையும் ஆயிலையும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் தொடக்கூடாது என்றார். எட்டாம் நாள் ஹாண்டிலைப் போட்டு அமுக்கினார். உள்ளே என்னவோ 'க்ளக்' என்றது. "உசிரு இருக்கு தம்பி."

ஹரிகேன் இன்ஜின், 2.2 லிட்டர். இதில் ஒரு வேடிக்கை, உள்ளே இழுக்கிற வால்வு தலையிலும் வெளியே விடுகிற வால்வு உடம்பிலும் இருக்கும். பாதி பழைய காலம், பாதி புதுக் காலம், நம் தலைமுறை மாதிரி. டிங்கரிங், பட்டி, பிரேக், எலி கடித்த வயரிங், ஓட்டை டாங்க் பற்றியெல்லாம் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. பில் மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம். வீட்டில் சொன்ன தொகை எண்பதாயிரம். என் மனைவி இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முன் ஆக்ஸிலைத் திறந்தபோது வெறும் கூடு. பல் சக்கரம், ஷாஃப்ட், ஜாயின்ட் எதுவும் இல்லை. நான் சென்னைக்கு பஸ் ஏறி, புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்து ஒரு செட் பிடித்தேன். பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பாய் அதைத் துடைத்து மேஜைமேல் வைத்து, விரலால் பல்லை எண்ணினார்.

"முப்பத்தொம்பது."

"அதனால என்ன பாய்?"

"பின்னாடி நாப்பத்து மூணு, தம்பி. சின்ன பல்லு ரெண்டுலயும் எட்டு. முன் சக்கரம் வேகமா போகணும்கும், பின் சக்கரம் மெதுவாத்தான் வருவேன்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஆனா இங்க சமாதானம் கிடையாது, கியர் உடையும்."

நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன், பல்லை எண்ணவில்லை. மறுபடி பஸ், மறுபடி புதுப்பேட்டை. இந்தத் தடவை கடை வாசலில் உட்கார்ந்து சாக்பீஸ் வைத்து எண்ணினேன்.

இன்னொரு பயம், சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. டூ வீல் டிரைவாக வந்த ஜீப்பைப் பட்டறையில் கொடுத்து ஃபோர் வீல் ஆக்க நினைக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு நினைக்கவும். நமக்கு வழி காட்டியது டேஷ்போர்டு. நாலு கோட்டுப் பெயின்டைச் சுரண்டினால், அடியில் ஆணியடித்த சின்னத் தகடு. எந்த லீவரை எங்கே தள்ளினால் நாலு சக்கரம் என்று கம்பெனியே படம் போட்டிருக்கிறது. ஆக, நாங்கள் மாற்றவில்லை. திருப்பி வைக்கிறோம். இனி எஃப்.சி.க்கு எஃப்.சி. வாங்க வேண்டியதுதான் பாக்கி!

கூட்டுக்குள் பல் சக்கரத்தை மாட்டும்போதுதான் பாய் சொன்னார், என்னைப் பார்க்காமல், போல்ட்டை முறுக்கிக்கொண்டே.

"இதைக் கழட்டினதே நான்தான் தம்பி. அப்ப உஸ்தாத் கிட்ட வேலை. எம்பத்தேழு ஜூன் மாசம். ஒரு எஸ்டேட் ஜீப்புக்காரருக்கு வித்துக் குடுத்தோம். ஐயா பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கலை. 'நாளைக்குக் கடைசி நாள், கோயமுத்தூர் போய் ஃபீஸ் கட்டணும்'னு அப்படியே பஸ் ஏறிட்டார்."

பதினேழு மில்லிமீட்டர் ஸ்பானர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டீக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன்.

வண்டி தயாரானதும் பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு வெள்ளோட்டம். தார் ரோடு என்பதால் முன் சக்கரத்தைச் சேர்க்கவில்லை. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். இரண்டையும் கட்டிப் போட்டால் சேறு விட்டுக்கொடுக்கும், தார் விட்டுக்கொடுக்காது. ஏரிக்கரையில் நிறுத்தியதுதான் தாமதம், கூட்டம். செல்ஃபி எடுத்த ஒருவர் விசிட்டிங் கார்டு நீட்டினார். ரிசார்ட் வாசலில் நிறுத்தி, பின்னால் பூந்தொட்டி வைக்கப் போகிறாராம். நல்ல விலை சொன்னார். பக்கத்து சீட்டிலிருந்து அப்பா, "இது வேலை செய்யற வண்டிங்க" என்றார்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பாதை பழையபடி அல்வா. "வாங்கப்பா, போய்ப் பார்க்கலாம்" என்றேன். குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் மூட்டை கிடையாது, காலி வண்டி. மெயின் ரோடு வரை போய்த் திரும்பும்போது பலாமரத்து வளைவு. அதற்கு முன்னாலேயே நிறுத்தி, முன் சக்கரத்தைச் சேர்த்து, 'லோ' போட்டேன். வண்டி ஒரு தடவை குலுங்கியது. பின் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் ஒதுங்கியது. அப்புறம் முன் சக்கரம் சேற்றைப் பிடித்துக்கொண்டு, வயசான யானை மேடு ஏறுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் இழுத்தது. ஸ்டியரிங்கில் என் கை நடுங்கியது. அப்பா கண்ணாடிக்கு வெளியே பலாமரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவு தாண்டியும் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தேன். ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும். கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தேன்.

அப்பா முந்திக்கொண்டார். "எவ்வளவு பெட்ரோல் குடிச்சுது?"

"ரொம்பக் குடிக்குதுப்பா."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.