வண்டியை வாங்காதீங்க, நாளை வாங்குங்க: கட்ச் கேரவன் பயணம் சொல்லிக்கொடுத்த கணக்கு



போன ஜனவரியில நானும் மனைவியும் குஜராத்தோட கட்ச் பகுதியில 8 நாள் கேரவன்ல சுத்தினோம். அந்த வீடியோ போட்டதிலேருந்து நிறைய பேர் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, வண்டி சொந்தமா? எவ்வளவு லோன்?"

சொந்தம் இல்ல, வாடகை. லோனும் இல்ல. ஆனா அந்த லோன்ல கையெழுத்துப் போடறதுக்கு நாலு நாள் முன்னாடி வரைக்கும் நாங்க போனோம். அதைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

மூணு வருஷம் முன்னாடி தினமும் ராத்திரி சாப்பிடும்போது நாங்க பார்த்தது அமெரிக்க கேரவன் வீடியோக்கள். யூட்டா, அரிசோனா பக்கம் செம்மண் மலை, ஆள் இல்லாத ரோடு, காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. பார்த்துப் பார்த்து நமக்கும் ஒண்ணு வேணும்னு ஆயிடுச்சு. ஒரு வேனைப் படுக்கை, சமையல் மேடையோட மாத்தித்தர 18 லட்சம் கேட்டாங்க. கையில 3 லட்சம் இருந்தது. மீதி 15 லட்சத்துக்கு 10% வட்டியில 5 வருஷ லோன், மாசம் 31,870 ரூபாய் தவணை. ரெண்டு சம்பளம் வருதே, சமாளிச்சிடலாம்னு நினைச்சோம்.

அப்பதான் ஊர்லேருந்து போன். எனக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. அப்பா நாட்டுப்படகுல கடலுக்குப் போறவர். கரைக்கு வந்து வலையை இறக்கும்போது நெஞ்சு வலி. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வச்சாங்க. அப்பாவை இன்சூரன்ஸ்ல சேர்க்கணும்னு ரெண்டு வருஷமா தள்ளிப்போட்டுட்டு இருந்தேன். அது முழுக்க என் தப்பு. வண்டிக்கு வச்சிருந்த 3 லட்சத்துல 2,10,000 ஆஸ்பத்திரிக்கே போச்சு.

அது நாலு நாள் கழிச்சு நடந்திருந்தா? பணம் வண்டிக்குப் போயிருக்கும். தலைக்கு மேல தவணை. அப்பாவுக்காக இன்னொரு கடன். யோசிச்சாலே இப்பவும் ஒரு மாதிரி இருக்கும்.

எங்க பக்கம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்துல விசைப்படகுகளுக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நிக்கற நாள் வரும்னு அங்க சின்னப் பசங்களுக்கும் தெரியும். மாசாமாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் பார்த்துப் பழகின எனக்குத்தான் அது மறந்துபோச்சு.

அப்பா வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா கிடைக்கற லீவு வருஷத்துக்கு 15 நாள். 5 வருஷத்துக்கு 75 நாள். வண்டி விலை 18 லட்சம், வட்டி சுமார் 4.12 லட்சம். கடைசியில பாதி விலைக்கு வித்து 9 லட்சம் திரும்ப வந்தாலும், 13.12 லட்சம் செலவு. 75 நாளால வகுத்தா ஒரு நாளைக்குச் சுமார் 17,500 ரூபாய்! இன்சூரன்ஸ், சர்வீஸ், சென்னையில நிறுத்தற இடம் எல்லாம் தனி. கட்ச்ல எங்களுக்கு ஆன வாடகை ஒரு நாளைக்கு 7,000. இந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு 38 நாளாவது வண்டியில போனாத்தான் வாங்கறது லாபம். எந்த மேனேஜர் நமக்கு 38 நாள் லீவு தருவார்?

வீடியோவுல நாம கவனிக்காம விடறது இதைத்தான். அங்க நீங்க பார்க்கற பல பேர் ரிட்டயர் ஆனவங்க, மாசக்கணக்குல சுத்தறவங்க. அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள்ல மத்திய அரசோட பொது நிலம் ஏராளம். பல இடங்கள்ல 14 நாள் வரைக்கும் காசு கட்டாம வண்டியை நிறுத்தித் தங்கலாம். நாளும் இடமும் இருக்கறவங்களுக்கு வண்டி கட்டுபடியாகும். நமக்கு ரெண்டும் இல்ல.

"சரி, டூருக்கு மட்டும் பர்சனல் லோன் போட்டா என்ன?"ன்னு கேப்பீங்க. எங்க மொத்தச் செலவு: வேன் வாடகை 56,000, அகமதாபாத்துக்கு விமானம் 24,000, டீசல் 12,000, தங்கும் இடம், பெர்மிட் 6,000, சாப்பாடு 10,000. ஆக 1,08,000. இதுக்கு மாசம் 5,500 வீதம் 20 மாசம் ஆர்டி போட்டோம். போட்டது 1,10,000, வட்டி சுமார் 6,000 வந்தது. இதே 1,10,000க்கு 14% லோன் எடுத்திருந்தா 24 மாசம், மாசம் 5,281 கட்டணும். வட்டி மட்டும் 16,750. ரெண்டுலயும் மாசத் தவணை கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்னாடி கட்டினா ஆர்டி, பின்னாடி கட்டினா இஎம்ஐ. வித்தியாசம் 22,000 ரூபாய்க்கு மேல. அதாவது மூணு நாள் வேன் வாடகை.

கட்ச்ல எங்க வேன் தண்ணி டேங்க் ரெண்டாவது நாளே காலி. சுத்தி வெள்ளை உப்பு, நல்ல தண்ணி பிடிக்க எவ்வளவோ தூரம் ஓட்டணும். மறுநாள் தோலாவிரா போனோம். 2021ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச சிந்துவெளி நகரம். மான்சர், மன்ஹர்னு ரெண்டு ஓடைக்கு நடுவுல இருக்கு. ரெண்டுலயும் மழைக்காலத்துல மட்டும்தான் தண்ணி ஓடும். அந்தத் தண்ணியைத் திருப்பிப் பெரிய பெரிய குளங்கள்ல தேக்கி வச்சிருக்காங்க. மனைவி எட்டிப் பார்த்துட்டு, "ஏங்க, உங்க ஊர்க் கண்மாய் மாதிரியே இருக்கு"ன்னாங்க. அதேதான். மழை பெய்யும்போது பிடிச்சு வச்சவன், வறண்ட ஊர்லயும் நகரம் கட்டி வாழ்ந்திருக்கான்.

இதுக்கு எதிரா ஒரு உதாரணமும் சொல்லணும். கொச்சியில டீக்கடை நடத்தின விஜயன், மோகனா தம்பதியை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தினமும் 300 ரூபாய் எடுத்து வச்சு, பத்தாததுக்குக் கடனும் வாங்கி, 25 நாடுகளுக்கு மேல பார்த்தவங்க. 2021ல ரஷ்யா போய்ட்டு வந்த அடுத்த மாசம் விஜயன் காலமானார். கடன் வாங்கினது தப்புன்னு நான் அவங்களைச் சொல்ல மாட்டேன். ஒரு கடனை முழுசா அடைச்ச பிறகுதான் அடுத்த பயணம்னு இருந்தாங்க. அவங்ககிட்ட நான் எடுத்துக்கறது அந்த 300 ரூபாயை. இன்னொண்ணு, ரிட்டயர்மென்ட் வரட்டும்னு அவங்க காத்திருக்கல.

அதனால என் கருத்து இதுதான். முதல்ல அப்பா அம்மாவுக்கு இன்சூரன்ஸ். அடுத்து 6 மாசச் செலவுக்கு அவசர நிதி. அப்புறம் டூருக்குன்னே தனியா ஒரு ஆர்டி, வேற எதுக்கும் அதைத் தொடக்கூடாது. வாடகைக்கு எடுக்கும்போது டெபாசிட் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், இன்சூரன்ஸ் இருக்கான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

கட்ச் கிளம்பறதுக்கு முன்னாடி ஊருக்குப் போயிருந்தோம். அப்பா கேட்டார்: "ஏந்தம்பி, என்னாலதானே அந்த வண்டி போச்சு?" "இல்லப்பா, உங்களாலதான் தப்பிச்சேன்"னேன். அவருக்குப் புரிஞ்சுதோ என்னவோ. அடுத்த ஆர்டி இந்த மாசம் ஆரம்பிச்சாச்சு, இந்தத் தடவை நாலு பேருக்கு. அப்பா அம்மாவும் வர்றாங்க.