காட்டில் கற்க வேண்டிய பாடம்

மலேசிய நாட்டுச் சின்னத்தின் இருபுறமும் புலிகள் நிற்கின்றன. காட்டிலோ, 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியுள்ளன. நாட்டின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. எஞ்சியுள்ள வனவிலங்குகளைக் காக்க அடுத்த தலைமுறை தயாராகிறதா என்பதே இன்றைய கேள்வி.

தீபகற்ப மலேசியாவில் இப்பொறுப்பை ஏற்றுள்ள அரசுத் துறை ‘பெர்ஹிலித்தான்’ என்று அழைக்கப்படுகிறது. அத்துறை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணிகளை அகற்றுகிறது. தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்துக் காட்டில் விடுகிறது. பகாங்கிலுள்ள குவாலா கண்டா யானைப் பாதுகாப்பு மையமும் இத்துறையைச் சார்ந்ததே. இப்பணிகளுக்கு உயிரியலோடு கால்நடை மருத்துவம், சட்டம், கணினி போன்ற பல துறை அறிவும் தேவைப்படுகிறது.

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு காலடித் தடம் புதியதா பழையதா என்பதையும், சருகுக்குள் மறைந்திருக்கும் கண்ணியை எவ்வாறு கண்டறிவது என்பதையும் அனுபவமிக்க வனக்காவலரிடமே கற்க முடியும். அவர் ஓய்வு பெறுமுன் அந்த அறிவு இளையோருக்குச் சேர வேண்டும். எனவே, தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கோப்புகளை அடுக்க மட்டும் பயன்படுத்துவது முறையன்று.

காடு ஆபத்தானது, அனுபவமற்ற மாணவர் சுமையாகிவிடுவார் என்று சிலர் வாதிடலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், தானியங்கிக் கேமராப் படங்களை வகைப்படுத்துதல், யானைகளுக்கு உணவு தயாரிக்க உதவுதல் போன்றவற்றில் தொடங்கிப் படிப்படியாகக் காட்டுப்பணிக்குப் பழக்கலாம்.

பயிற்சிக்காலத்தில் போதிய உதவித்தொகையும் அவசியம். பாதுகாப்பு மையங்கள் பல, நகரத்திலிருந்து தொலைவில் உள்ளன. பயணத்திற்கும் தங்குமிடத்திற்கும் மாணவரே செலவிட வேண்டுமானால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்ப்புக் கிட்டும். ஒரே இரவில் யானைக் கூட்டம் அழித்த வாழைத் தோப்பைக் கண்ட தோட்டப்புறப் பிள்ளை, மக்களின் இழப்பையும் விலங்கின் தேவையையும் ஒருசேர உணர்வார். அத்தகையவரைப் பணமின்மை தடுத்து நிறுத்தக்கூடாது.

இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் மாணவர்களும் காத்திருக்கத் தேவையில்லை. அறிவியல் பாடத்தில் கவனம் செலுத்தலாம். பள்ளியின் இயற்கைக் கழகத்தில் சேரலாம். பிற்காலத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஆர்வமே அவர்களின் முதல் தகுதியாக அமையும்.