உப்பளத்திலிருந்து கப்பலேறியவள்

உங்கள் பாட்டியின் பாட்டிக்கு என்ன பெயர்? பதிலை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் பரீட்சை வைக்க வரவில்லை. தாத்தாவின் தாத்தா என்றால் பழைய பத்திரத்தைப் புரட்டியாவது சொல்லிவிடுவோம். பாட்டி என்று வரும்போதுதான் "திண்டிவனத்தாள்" என்றோ "செஞ்சியாள்" என்றோ பிறந்த ஊர் மட்டும் நிற்கும். பெயர் போயே போய்விட்டிருக்கும்.

எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டுப் பெரியம்மாளுக்கு வயது 85. பிறந்தது மரக்காணத்தை அடுத்த ஓர் உப்பளக் குப்பம். தென்னார்க்காட்டுப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பார்கள் அல்லவா? அவரை வீட்டார் மட்டுமல்ல, தெருவே ஆயா என்றுதான் கூப்பிடுகிறது. அந்த ஆயாவின் ஆயாவுக்கு ஓர் அக்காள் இருந்தாளாம். "அவ கப்பலேறிப் போனவ" என்பதோடு வீட்டில் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் உப்புக் கூடையை வரப்பில் கவிழ்த்துவிட்டுப் போனவள் திரும்பவில்லை. எவனோடோ போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. வீடும் அதை மறுக்கவில்லை.

புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போயிருந்தால் மரக்காணத்தைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். காரை நிறுத்தி ஒரு போட்டோ, பிறகு மறந்துபோகிறோம்! சங்க நூல் எயிற்பட்டினம் என்று பேசும் ஊர் இதுதான் என்பது பல அறிஞர்களின் முடிவு. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே சுமார் 420 கிலோமீட்டர் வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அந்த நாளில் உப்பும் விறகும் தோணியில் அந்த வழியாகச் சென்னைக்குப் போகும். தோணியில் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடமா இருக்காது? சென்னையிலோ ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் தயாராக இருந்தார்கள்.

1860-ஆம் வருஷம் அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. 1911-ல் அந்த ஏற்பாடு நிற்கும் வரை போனவர்கள் 1,52,184 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னையில் கப்பலேறியவர்கள்.

ஆயாவின் பேத்தி காலேஜில் படிக்கிறவள். போன வருஷம் விடுமுறையில் இந்தப் பெரிய ஆயாவைத் தேடிப் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்தாள். சென்னை ராஜதானியில் 1871 முதலே ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தாலுகாவுக்கு எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை விதவை, எல்லாம் அச்சிட்டிருக்கிறது. பெயர்தான் இல்லை! இங்கிலாந்தில் அப்படியல்ல, நூறு வருஷம் கழிந்ததும் வீடு வீடாக எழுதிய தாளையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ல் எடுத்த கணக்கு 2022-ல் வெளிவந்தது.

நம்மிடம் அப்படித் தாள்கள் இருந்தாலும் பெண்கள் கிடைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது, சுமார் 28 லட்சம் பெண்களை அதிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. ஏன் தெரியுமா? "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாயார்" என்று சொன்னார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலும் வடக்கே நடந்த சங்கதிதான். அதற்காக நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். சற்று முன் நான் கேட்ட கேள்வி ஞாபகமிருக்கட்டும்.

வீட்டார் எழுதி வைக்காததைக் கப்பல்காரன் எழுதி வைத்திருக்கிறான். நேட்டால் கப்பல் ஜாபிதாவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆணானாலும் பெண்ணானாலும் கைக்குழந்தையானாலும் தனித்தனி எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இதைக் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிதான். தோட்டத்தை விட்டு ஓடினால் கண்டுபிடிக்க வேண்டுமே! அந்த ஏடுகளைப் பெயர்த்தெழுதி இப்போது எவரும் தேடிப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

பேத்தி தேடினாள். மரக்காணம் என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி அது 'மெர்க்காணம்'. ஆட்களின் பெயரும் அப்படித்தான்; முனியம்மாளை முனியம்மா, முனிமா என்று எப்படியெல்லாமோ எழுதியிருப்பான். ஆகவே ஊரை விட்டுவிட்டு, தென்னார்க்காடு, திண்டிவனம் என்று போனாள். பெரிய ஆயாவின் பெயரில் மூன்று பேர் வந்து நின்றார்கள். வயது 19, 20, 22. இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றே.

பெண் சோர்ந்துபோனாள். அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா தலையை நிமிர்த்தாமலே கேட்டாராம்:

"எடது கால்ல தழும்பு இருக்குதா பாரு. பாத்தி வெட்டறப்போ மம்முட்டி பட்டு, உப்புத் தண்ணியிலே ஆறவே இல்லைன்னு எங்க ஆயா சொல்லும்."

இருந்தது. 20 வயதுக்காரிக்கு எதிரே, இடது கணைக்காலில் தழும்பு என்று இரண்டே வார்த்தை. அந்தக் கால்வலியை ஒருத்தி தன் பேத்தியிடம் சொல்லி வைக்காமல் போயிருந்தால், டர்பன் ஏட்டில் அந்த வரி இருந்து யாருக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் இருந்தது. அவள் பெயருக்கு அருகே புருஷன் என்று எவனும் இல்லை. அடுத்த எண் பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி, அவளும் தனி. சிநேகிதிகள் இரண்டு பேருமாகப் புறப்பட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் ஊர் சொன்னது பொய். எவனோடாவது போயிருந்தாலும்தான் என்ன, என்று எனக்குத் தோன்றியது. ஆயாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு கப்பல் கதை இருக்கலாம். மொரீஷியஸ் என்றால் அங்கே மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஏடுகள் இருக்கின்றன. 1860-களுக்குப் பிறகு போனவர்களில் பலருக்குப் புகைப்படம்கூட உண்டு. புதுச்சேரி, காரைக்காலில் ஏறி ரீயூனியன், மார்ட்டினிக் பக்கம் போனவர்களானால் பிரெஞ்சு எழுத்தில் தேட வேண்டும். பழைய பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, இறப்பு, கலியாணப் பதிவேடுகளை பிரான்ஸில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறது. தாத்தா கப்பலில் வேலை பார்த்தவரா? 1915-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களின் சிப்பந்தி ஜாபிதாக்கள் 39,000-க்கு மேல் தேடக் கிடைக்கின்றன. நம் நாட்டு லஸ்கர்களும் அவற்றில் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வீட்டில் இருக்கும் வயதானவரிடம் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தழும்பு, பச்சை குத்திய கோலம், தெத்துப் பல், கூடப் போன சிநேகிதி என்று எல்லாவற்றையும் கேளுங்கள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிட வேண்டாம்.

மூன்றாம் வீட்டில் இப்போது வேறொரு தர்க்கம் நடக்கிறது. சுமங்கலியாகப் போன பெண்களுக்குப் புதுப் புடவை வைத்துப் பூவாடைக்காரிக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். பெரிய ஆயாவுக்கும் வைக்க வேண்டும் என்று ஆயா சொல்கிறார். அவள் நேட்டாலில் கலியாணம் செய்துகொண்டாளா, எப்படிச் செத்தாள் என்பது இன்னும் தெரியவில்லை, பேத்தி தேடிக்கொண்டிருக்கிறாள். தெரியாமல் எப்படி வைப்பது என்று மருமகள் தயங்குகிறாள்.

"தெரியற வரைக்கும் பொடவை பெட்டியிலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஆயா போன வெள்ளிக்கிழமை என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அரக்கு நிறத்தில் பச்சைக் கரை. கடைக்காரர் யாருக்கு அம்மா என்று கேட்டார்.

"எங்க பெரிய ஆயாளுக்கு" என்றார். பெயரையும் சொன்னார்.