அறியாத நீர்நிலையில் நீராடலாமா?

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் ஒருங்கே வைத்துப் போற்றுவது நம் மரபு. நீராடல் என்பது நமக்கு உடலழுக்கை நீக்கும் செயல் மட்டுமன்று. வழிபாட்டின் முதற்படியும் அதுவே. தில்லையில் திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் மூழ்கி எழுந்து முதுமை நீங்கப்பெற்ற குளம் இன்றும் இளமையாக்கினார் கோயிலின் முன்னே உள்ளது. திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார். அந்த மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கூடுமிடம் திருக்கூடலையாற்றூர். அவ்வெள்ளாற்று நீரை அணைக்கட்டு தேக்கி நிறுத்தும் ஊர் சேத்தியாத்தோப்பு. ஊரின் தெற்கே, சோழர் காலத்தில் வெட்டப்பெற்ற வீராணம் ஏரி பதினாறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்போல் பரந்து கிடக்கிறது.

இத்தகைய நீர்வளம் சூழ்ந்த பகுதியில் வாழ்வோருக்குத் தீர்த்தமாடுவதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், ஆடிப்பெருக்கும் அமாவாசையும் விடுமுறை நாள்களும் வரும்போது பேரக்குழந்தைகளைக் கைபிடித்து ஆற்றுக்கும் ஏரிக்கும் அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் நம் போன்ற முதியோரே. ஆகவே, நீரில் இறங்குமுன் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இவ்வாரம் சிந்திப்போம்.

இதற்குப் புதிய நூல் எதையும் தேட வேண்டியதில்லை. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் நீராடலுக்குச் சில விலக்குகளைக் கூறுகிறது. உணவு உண்டவுடன் நீராடலாகாது; நோயுற்றவர் நீராடலாகாது; நள்ளிரவில் நீராடலாகாது; தான் அறியாத நீர்நிலையில் நீராடலாகாது. இந்நான்கையும் ஆசாரக் கட்டுப்பாடுகள் என்று மட்டுமே நாம் எண்ணி வந்திருக்கிறோம். இன்றைய மருத்துவமும் வனவிலங்கு அறிவும் கூறுபவற்றை இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால், இவை உயிர்காக்கும் விதிகள் என்பது விளங்கும்.

அறியாத நீர்நிலை என்பதில் முதலில் அடங்குவது ஆழம். 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் நம் கடலூர் மாவட்டத்திலேயே, நெல்லிக்குப்பத்தை அடுத்த ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமியருமாக எழுவர் மூழ்கி இறந்தனர். மறு ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சென்னை நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பேட்டைக் குளத்தில் தீர்த்தவாரியின்போது இறைபணியில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஐவர் மூழ்கினர். அவர்கள் இறங்கியது கடலிலன்று. ஊரார் நாள்தோறும் காணும் குளத்தில்தான். மேலே அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் மணல் அள்ளிய பள்ளமும், காலை உள்ளிழுக்கும் சேறும் இருப்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒருவர் மூழ்கும்போது அவரைக் காக்க மற்றொருவர் குதிப்பதால் ஓருயிர் பல உயிராகிறது. நீச்சலில் தேர்ச்சியும் மீட்பில் பயிற்சியும் இல்லாதவர் குதிக்கவே கூடாது. கரையில் நின்றவாறே மேல்துண்டையோ வேட்டியையோ புடவையையோ கயிற்றையோ வீசிப் பற்றிக்கொள்ளச் செய்வதே முறை.

அடுத்தது முதலை. நம் பகுதிக்கு இது கதையன்று. பழைய கொள்ளிடத்தில் வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர், வல்லம்படுகை ஆகிய ஊர்களை ஒட்டிய நீர்ப்பரப்பில் சதுப்புநில முதலைகள் வாழ்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் வெள்ளத்தோடு வாய்க்கால் வழியாக வயல்களுக்கும் ஊர்க்குளங்களுக்கும் அவை வந்து சேர்வதும், வனத்துறையினர் பிடித்துச் சென்று சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி ஏரியில் விடுவதும் இப்பகுதி மக்கள் அடிக்கடி கேட்கும் செய்தி. ஆற்றில் இறங்கி முதலைக்கு இரையானவர்களும் கை கால்களில் கடியுண்டவர்களும் இங்கே உண்டு.

இம்முதலை நடு ஆற்றில் மட்டும் இருப்பதன்று. கரையோரத்து ஆழமற்ற நீரில் கண்களும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய அசைவின்றிக் கிடக்கும். கரையில் வளை தோண்டியும் வாழும். நீர் அருந்த வரும் ஆட்டையும் மாட்டையும் அது பற்றுவது கரையோரத்தில்தான். அங்கே குனிந்து துணி துவைப்பவரும் அர்க்கியம் விடுபவரும் அதற்கு வேறாகத் தோன்றுவதில்லை. ஒரே துறையில் ஒரே நேரத்தில் நாள்தோறும் இறங்கும் உயிரை அது கவனித்து வைக்கும் என்று அவ்விலங்கை நன்கறிந்தோர் எச்சரிக்கின்றனர். நித்திய நீராடலை விடாது செய்யும் பெரியோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கோடையின் முற்பகுதியில் கரை மணலில் முட்டையிட்டுக் காவல் காக்கும் பெண்முதலை, அருகே வருபவர் எவராயினும் சீறிப் பாயும்.

நீருள் முதலையின் வலிமையையும் நீரை விட்டு நீங்கினால் அதன் எளிமையையும் திருவள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் சான்றாகக் காட்டியிருக்கிறார். களிறுகளின் தலைவனாகிய கஜேந்திரனே தாமரைத் தடாகத்தில் கால் வைத்தபின் தன் வலியால் கரையேற இயலவில்லை. முதலையும் இறைவன் படைத்த உயிரே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது. அதன் இடத்தை அதற்கு விட்டு நாம் விலகி நிற்பதே அறிவுடைமை.

‘இறைவன் காக்க மாட்டானா?’ என்று சில அன்பர்கள் வினவக்கூடும். அவிநாசியில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். இரு சிறுவர் குளத்தில் நீராடினர், ஒருவனை முதலை விழுங்கியது, மற்றவன் பிழைத்தான். ஆண்டுகள் சில சென்றபின் சுந்தரர் அவ்வழியே வந்தபோது, ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும் எதிர் வீட்டில் அழுகுரலும் கேட்டன. தம் மகனும் இருந்திருந்தால் இன்று அவனுக்கும் பூணூல் அணிவித்திருப்போமே என்று பெற்றோர் அழுத குரல் அது. சுந்தரர் பதிகம் பாடிப் பிள்ளையை மீட்டார். இறைவன் அருளுக்கு எல்லையில்லை என்பதற்கு அது சான்று. குழந்தையை இழந்த வீடு எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அழுதுகொண்டுதான் இருக்கும் என்பதற்கும் அதுவே சான்று. அத்தகைய அழுகை நம் வீட்டில் எழாதபடி காப்பதற்கே இறைவன் நமக்கு அறிவைத் தந்திருக்கிறான்.

இனிக் கண்ணுக்குத் தெரியாத தீங்குகளைக் காண்போம். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா எனும் அமீபா வாழ்கிறது. நீரைப் பருகுவதால் அது நோய் தருவதில்லை. குதிக்கும்போதும் முங்கும்போதும் மூக்கின் வழியே புகுந்து மூளையை அடைகிறது. சில நாள்களில் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றும். பின்னர் நினைவு தடுமாறும். இந்நோய் கண்டவருள் பிழைத்தவர் உலக அளவிலேயே மிகச் சிலர். கேரளத்தில் 2024ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை இந்நோயால் குழந்தைகள் மூவர் இறந்தனர். அதே ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவன், நோய் விரைவில் கண்டறியப்பட்டதால் பிழைத்தான். தேங்கிய நீரில் குளிப்பதைத் தவிர்க்குமாறு தமிழ்நாட்டு அரசும் அப்போது அறிவுறுத்தியது. 2025ஆம் ஆண்டில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் மேலும் பலரைத் தாக்கியது. இந்நோய் அரிது என்பது உண்மையே. ஆயினும் வந்தபின் மீள்வது கடினம். நீரில் குளித்த சில நாள்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், குளத்தில் குளித்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கக்கூடும்.

யோகப் பயிற்சியில் ஜலநேதி செய்யும் அன்பர்களுக்கும் இங்கே ஒரு குறிப்பு. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதே நோயால் இறந்தனர். நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரையே நேதிக்குப் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நெடுங்காலமாகக் காணப்படும் மற்றொரு குளத்து நோய் ரைனோஸ்போரிடியோசிஸ். மூக்கினுள் செந்நிறச் சதை வளர்ந்து, அடைப்பும் குருதிக்கசிவும் உண்டாகும். மாடுகளும் மனிதரும் ஒன்றாகக் குளிக்கும் தேங்கிய குளங்களே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. அறுவை செய்து நீக்கினாலும் மீண்டும் வளரும் இயல்புடையது. அடிக்கடி மூக்கில் குருதி கசிவதைச் சூடு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் வயல்வெளிப் பகுதிக்குப் புதிதன்று. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலின் சிறு கீறல் வழியாகவும் கண், வாய், மூக்கு வழியாகவும் கிருமி புகும். காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை முதற்குறிகள். கவனியாது விட்டால் மஞ்சட்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் தொடரும். தொடக்கத்திலேயே சென்றால் எளிய மருந்தால் குணமாகும்.

நோயுற்றவர் நீராடலாகாது என்ற விலக்கின் பொருள் இங்கே தெளிவாகிறது. நம் வயதினருள் பலருக்கு நீரிழிவு உண்டு. காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் கிளிஞ்சலோ கண்ணாடித்துண்டோ கிழித்தாலும் தெரிவதில்லை. அப்புண்ணில் குளத்துநீர் படின் சீழ் பிடித்து விரலையோ காலையோ இழக்கும் நிலைகூட நேரலாம். காலில் புண்ணுள்ளவர் குளத்தில் இறங்கவே கூடாது.

உண்டபின் நீராடாமைக்கும் காரணமுண்டு. உணவுக்குப்பின் முதியோர் சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றும். அந்நிலையில் பாசி படிந்த படியில் கால் வைத்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுமோ? இரவில் நீராடாமைக்கோ விளக்கமே வேண்டாம். முதலையும் பாம்பும் இரவில் இரைதேடுவன. நமக்கோ இருளில் படியும் தெரியாது, ஆழமும் தெரியாது.

‘எங்கள் இளமையில் இதே ஏரியில் குதித்து நீந்தினோமே, ஒன்றும் நேரவில்லையே’ என்று கூறும் அன்பர்கள் உண்டு. அக்காலத்து நீரும் குற்றமற்றதன்று. நரம்புச்சிலந்தி நோயை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அப்புண்ணோடு நீரில் இறங்கியவரின் காலிலிருந்து புழுக்குஞ்சுகள் நீரில் கலந்தன. அந்நீரைப் பருகியவர் உடலில் அவை நீண்ட புழுவாக வளர்ந்து, ஓராண்டு கழித்துத் தோலைத் துளைத்து வெளிவந்தன. நீரை வடிகட்டிப் பருகுதல், புண்ணுடையோர் நீரில் இறங்காமை ஆகிய எளிய ஒழுக்கங்கள் அதனை ஒழிப்பதில் பெரும்பங்கு வகித்தன. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996ஆம் ஆண்டு ஜூலையில். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு அந்நோயற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒழுக்கம் நோயை வெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் தீர்த்தமாடுவதை விட்டுவிடுவதா? வேண்டாம். கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

1. உள்ளூராரைக் கேட்டறிந்து, மக்கள் புழங்கும் துறையில் பகலில் மட்டும் இறங்குங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் பாதம் நனைக்கவும் இறங்காதீர்கள்.

2. பச்சைப் பாசி படர்ந்த, நாற்றமுடைய, கால்நடை குளிக்கும் நீரைத் தவிர்த்திடுங்கள்.

3. முங்கும்போது மூக்கைக் கைவிரலால் இறுக மூடிக்கொள்ளுங்கள். அடிச்சேற்றைக் கலக்காதீர்கள். குழந்தைகளைத் தலைகீழாகக் குதிக்க விடாதீர்கள்.

4. குழந்தை நீரிலிருக்கும்போது கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருத்தல் கூடாது.

5. வீடு திரும்பியதும் தூய நீரில் உடலைக் கழுவிக்கொள்ளுங்கள். இடர் நேரின் 108 எண்ணுக்கும், முதலையைக் கண்டால் வனத்துறைக்கும் உடனே தெரிவியுங்கள்.

இயலாதோருக்கென்றே நம் முன்னோர் வேறு வழிகளையும் வகுத்துள்ளனர். மந்திரம் ஓதி நீரைத் தெளித்துக்கொள்ளும் மந்திர ஸ்நானம், திருநீறு பூசும் ஆக்நேய ஸ்நானம், இறைவனை உள்ளத்தில் இருத்தும் மானஸ ஸ்நானம் என்று அவை பல. தீர்த்தக்கரையில் நின்று, ஒரு கை நீரை எடுத்துத் தலையில் தெளித்து வணங்குபவர் குறைந்த பக்தர் ஆகார்.

நீரில் உமிழ்தலும் கழிவு கலத்தலும் ஆகாது என்று அதே ஸ்மிருதி விதித்திருக்கிறது. பரிகாரமென்று பழந்துணிகளை ஆற்றில் விடுவதையும், இறைச்சிக் கழிவுகளை எறிந்து முதலையைக் கரைக்கு அழைப்பதையும் நாமே நிறுத்த வேண்டும். வீராணத்து நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய் வழியே சென்னை வரை சென்று பல இலட்சம் மக்களின் தாகம் தீர்க்கிறது. அந்நீரைத் தூய்மையாக வைத்திருப்பதும் ஒரு வழிபாடே. நீர்நிலைகளை அறிந்து, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சி, நம் பிள்ளைகளோடு நலமாகக் கரையேற எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.