அசையாத நிலமும் பேசும்

ஓவியக் கண்காட்சிக்குச் செல்லும் நம் மாணவர்கள் பெரும்பாலும் மனித உருவங்கள் உள்ள படங்களின் முன்தான் நிற்கிறார்கள். மலை, கடல், மரம் மட்டுமே உள்ள படத்தை 'அழகான காட்சி' என்ற இரண்டு சொற்களோடு கடந்துவிடுகிறார்கள். அதில் ஒன்றுமே நடக்கவில்லையாம்! நிலத்தைப் படிப்பதற்கென்றே ஓர் இலக்கணம் வகுத்த மொழியின் பிள்ளைகள் இப்படிச் சொல்லலாமா?

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று இலக்கிய வகுப்பில் நாம் மனனம் செய்திருக்கிறோம். முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை உவமம் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். மருத நிலத்து எருமை தாமரையை மிதித்து மேய்கிறது என்று புலவர் பாடினால், அவர் சொல்வது எருமையின் கதையன்று, தலைவனின் நடத்தை. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ.கே. இராமானுஜன், 1967இல் வெளிவந்த அந்நூலுக்கு 'அக நிலக்காட்சி' என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். இந்த இலக்கணத்தை நாம் ஏன் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம்?

மேலை நாட்டு ஓவியரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஜெர்மானிய ஓவியர் காஸ்பார் டேவிட் பிரெடெரிக் 1808க்கும் 1810க்கும் இடையில் 'கடலோரத் துறவி' என்னும் படத்தைத் தீட்டினார். பெரிய வானம், இருண்ட கடல், கரையில் ஒரு சிறு மனிதன், அவ்வளவுதான். முதலில் கடலில் கப்பல்களையும் வரைந்திருந்தார், பிறகு அவற்றை மறைத்துத் தீட்டிவிட்டார் என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது. கப்பல் இருந்திருந்தால் நம் கண் அதன் பின்னால் போயிருக்கும். அது இல்லாததால் அந்த அமைதியே படத்தின் பொருளாகிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? கூச்சிங்கில் 1896இல் பிறந்து, பினாங்கில் வாழ்ந்து, 1962இல் மறைந்த யோங் மன் சென் நம் நாட்டு நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடி. மீனவர் குடிசை, தென்னை, கரையில் கிடக்கும் படகு ஆகியவை அவர் விரும்பித் தீட்டியவை. ஓய்ந்து கிடக்கும் அந்தப் படகை நெய்தல் படித்தவன் பார்க்கும்போது, கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியும் அங்கே இருக்கிறாள். யோங் மன் சென் தொல்காப்பியமா படித்தார் என்று நீங்கள் சிரிக்கலாம். அவர் நினைத்தது இதுதான் என்று நான் வாதிடவில்லை. நம் கையில் இருக்கும் விளக்கைக் கொண்டு பார்த்தால் படம் கூடுதலாகத் தெரிகிறது என்றே சொல்கிறேன்.

ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. நிலத்தின் குறிப்பை அறிந்தவர்கள் இருக்கும் வரைதான் அது பேசும். நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மரத்தில் மங்கு கவிழ்ந்திருந்தால் பார்ப்பவருக்கு அது வெறும் மங்கு. பால் வெட்டியவருக்கோ அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை என்று பொருள். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் ரப்பர் இலைகள் சிவந்து உதிரும். சுற்றுலாப் பயணி படம் பிடிப்பார். தோட்டத்துத் தாயோ பால் குறையும், கடைக்காரரிடம் கடன் ஏறும் என்று கணக்குப் போடுவாள். இதைவிடச் சிறந்த உள்ளுறை வேறு எங்கே கிடைக்கும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த நிலம் இப்போது எங்கே? ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டம். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே செங்கற்சூளைகள் இருக்கின்றன. ஆனால் இன்று அங்கே நடந்து போகும் எவருக்கும் சூளைப் புகை நினைவுக்கு வருவதில்லை. பெயர் மட்டும் மிஞ்சி, பொருள் போய்விட்டது. மங்குக்கும் அந்தக் கதி வரலாம். நான் சென்ற கண்காட்சிகளில் ரப்பர் காட்டை அரிதாகவே கண்டிருக்கிறேன். தோட்டத்து வாழ்வைச் சிறுகதையாகவும் நாவலாகவும் நிறைய எழுதிய சமுதாயம், அந்த நிலத்தின் மௌனத்தை வண்ணத்தில் பதிவு செய்வதில் இவ்வளவு தயங்குவது ஏன்?

சிறுகதைப் போட்டியும் கவிதைப் போட்டியும் நடத்தும் தமிழ்க் கழகங்களுக்கு ஓர் ஓவியப் போட்டி எட்டாத காரியமன்று. தலைப்பு 'தோட்டம்', நிபந்தனை ஒன்றே: படத்தில் மனித உருவம் இருக்கக்கூடாது. ஆலயத்து அரசமரம், பூட்டிய தமிழ்ப்பள்ளி, லயத்து வாசற்படி, கவிழ்ந்த மங்கு என்று மாணவர்கள் தீட்டட்டும். பிறகு பால் வெட்டிய பெரியவர்களை அழைத்துவந்து அப்படங்களின் முன் நிறுத்துவோம். ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைத்த காட்சியில் என்னென்ன நடந்தன என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.