ஹாட் லேப் பீரோ ஏன் இவ்வளவு கனம்?

பெட் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அந்த ஊசி நினைவிருக்கும். சிரிஞ்சைச் சுற்றி கனமான ஓர் உறை. மருந்தை ஏற்றிய கையோடு ஊழியர் தள்ளிப் போய்விடுவார். ‘என்ன இப்படி ஓடுறாரு?’ என்று தோன்றும். நோயாளிக்கு அது எப்போதோ ஒருமுறை; ஊழியருக்கு அதுதான் தினசரி வேலை.

அந்த மருந்தைத் தயார் செய்யும் அறைக்கு ‘ஹாட் லேப்’ என்று பெயர். மருந்து வைக்கும் பீரோ, டோஸ் பிரிக்கும் மேஜை, பயன்படுத்திய சிரிஞ்சும் பஞ்சும் போடும் தொட்டி எல்லாம் பார்க்க சாதாரண ஸ்டீல் சாமான்கள்தான். தகட்டுக்கு உள்ளே இருப்பது காரீயம். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) காரீயம் நச்சு என்பதால் கைபடாமல் மூடி வைக்கிறார்கள்.

எவ்வளவு தடிமன் வேண்டும்? எலும்பு ஸ்கேனுக்கான டெக்னீசியம்-99எம் விடும் காமா கதிரைப் பாதியாக்க, சுமார் கால் மில்லிமீட்டர் காரீயம் போதும். 3 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய முழுதும் அடங்கிவிடும். அதே பீரோவில் பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18-ஐ வைத்தால் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். அதன் கதிருக்கு ஆற்றல் மூன்றரை மடங்குக்கும் அதிகம். ‘லெட் பீரோ வாங்கியாச்சு’ என்று சொன்னால், ‘எந்த ஐசோடோப்புக்கு?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பீட்டா கதிர் விடும் இட்ரியம்-90 இன்னொரு வகை. அதை நேராகக் காரீயத்துக்குள் வைத்தால் புதிதாக எக்ஸ்ரே கிளம்பும். முதலில் அக்ரிலிக், அதற்கு வெளியேதான் காரீயம்.

5 செ.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் காரீயத் தகடு கிட்டத்தட்ட 570 கிலோ. மூன்று புல்லட் பைக் எடை! தளம் தாங்குமா என்று இன்ஜினீயரைக் கேட்காமல் மாடியில் ஏற்ற முடியாது. எடையும் விலையும் இப்படி இருக்கும்போது, முன்பக்கம் மட்டும் தடிமனாகப் போட்டு முதுகையும் அடிப்பகுதியையும் விட்டுவிடும் ஆசை வரும். சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலி இருந்தால்? கதிருக்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. கதவு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூட வேண்டும்; நேரான இடுக்கு கிடைத்தால் அது வழியே வந்துவிடும்.

காரீயம் கதிரியக்கத்தை அழிப்பதில்லை, அதை அழிப்பது காலம். பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃபுளோரின்-18-க்கு (அரை ஆயுள் 110 நிமிடம்) அது ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியத்துக்கு இரண்டரை நாள். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131-க்கோ 80 நாள். இன்று நிரம்பிய அயோடின் தொட்டியை இரண்டரை மாதத்துக்கு மேல் தொட முடியாது என்றால், ஒரே ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு எப்படி வேலை நடக்கும்? தேதி ஒட்டிய பல தொட்டிகள் வேண்டும், அவற்றுக்கு இடம் வேண்டும். கடைசியில் மீட்டர் வைத்து அளந்த பிறகே சாதாரண மருத்துவக் கழிவோடு சேர்க்கலாம்.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் குத்திய பேட்ஜ் அதைக் கணக்குப் பார்க்கும், அவ்வளவுதான். பட்ட பிறகு சொல்லுமே தவிர, படாமல் காக்காது. காப்பது பீரோவும் தொட்டியும் மேஜையும். கோடிகளில் வாங்கும் ஸ்கேனர் விளம்பரப் பலகையில் ஏறும். பீரோவை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பட்ஜெட்டில் கைவைக்க அது வசதியான இடமாகத் தெரியலாம். வைக்கவே கூடாத இடமும் அதுதான்.

தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் துப்புரவுப் பணியாளரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எச்சரிக்கையையும் திறக்கலாம் என்ற தேதியையும் அவர் படிக்கும் மொழியில் எழுதி ஒட்ட, ஒரு ஸ்டிக்கர் செலவுதான் ஆகும்.