சிட்டியை ஏன் எழுப்பினார்கள்?

2018 நவம்பர் 29 அன்று '2.0' வெளியானது. அந்த வார இறுதியில் எங்கள் நண்பர் குழாமில் ஐவர் கடலூரில் அதைப் பார்த்தோம். மூவர் கடலூர்க்காரர்கள், இருவர் சிதம்பரத்திலிருந்து வந்தவர்கள். முப்பரிமாணக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எங்களில் ஒருவரும் உடனே பேசவில்லை. 'எந்திரன்' பார்த்துவிட்டு வந்த 2010 அக்டோபர் இரவில், தேநீர்க் கடை அடைக்கும் வரை வாதிட்டவர்கள் நாங்கள். இம்முறை ஒருவர், "பறவை நன்றாக இருந்தது" என்றார். மற்றவர்கள் ஆமோதித்தோம். அவ்வளவுதான்.

படம் வசூலில் தோற்றதல்ல. தொழில்நுட்பத்திலும் குறை சொல்ல முடியாது. தமிழ்த் திரையில் அதுவரை காணாத காட்சிகள் அதில் இருந்தன. இருந்தும் அந்த மௌனம் எங்களை விடவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்த ஒன்று கைக்கு வந்ததும் ஏன் இப்படிக் கனமற்றுப் போகிறது என்ற கேள்வியை இன்றும் அவ்வப்போது எடுத்துப் பேசுகிறோம். அப்பேச்சுகளில் ஓரளவு தெளிந்ததை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் சொல்லப்படும் காரணம் சுஜாதா. 'எந்திரன்' வசனத்தில் அவர் பங்கு இருந்தது. படம் வருமுன்னே, 2008 பிப்ரவரி 27இல் அவர் மறைந்துவிட்டார். ஆகவே இரண்டாம் பாகம் சுஜாதா இல்லாத படம், அதனால் சோபிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். இது எளிய விடை, நியாயமான விடையன்று. '2.0'வின் வசனத்தில் பங்கேற்ற ஜெயமோகன் தமிழின் முதன்மையான புனைவெழுத்தாளர்களுள் ஒருவர். எழுத்தாளர் இல்லாத குறை அந்தப் படத்தில் இல்லை. எழுத்தாளருக்கு வேலை வைக்கும் கேள்விதான் அதில் இல்லை.

இரண்டாவது காரணம், பார்த்ததையே திரும்பப் பார்த்தால் சலிக்கும் என்பது. இதையும் நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் தென்னார்க்காட்டுத் திரௌபதை அம்மன் கோயில்களில் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தெரிந்த கதை சலிக்காது என்பது தெரியும். அபிமன்யு சாவான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். படுகளத்தில் துரியோதனன் வீழ்வான் என்று தெரிந்தே மண்ணில் அவன் உருவத்தைச் செய்கிறோம். அடுத்த ஆண்டும் அதே கதைதான். அடுத்த ஆண்டும் அழுகிறோம். ஏனெனில் அக்கதை எழுப்பும் கேள்வி தீர்வதில்லை. சூதாடித் தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் சபையில் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லிவிடவில்லை. கதை பழகிப்போவதால் வருவதன்று ஏமாற்றம். கேள்வி கைவிட்டுப் போகும்போதுதான் அது வருகிறது.

'எந்திரன்' அத்தகைய ஒரு கேள்வியை வைத்திருந்தது. வசீகரன் இராணுவத்துக்கென ஓர் இயந்திரத்தைச் செய்கிறான். அது தீவிபத்திலிருந்து மக்களைக் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து எல்லோர் முன்னும் நிறுத்துகிறது. மானம் தாங்காமல் ஓடியவள் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாகத் தமிழ்ப்படம் எதுவும் சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை. அக்குறையைத் தீர்க்க வசீகரன் இயந்திரத்துக்கு உணர்ச்சியைக் கற்பிக்கிறான். உணர்ச்சி வந்ததும் அது அவன் காதலியையே விரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் முந்தைய திருப்பத்தின் விளைவு. பின்பாதியின் பிரம்மாண்டச் சண்டைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் படம் நிற்கும்.

அது முடிந்த இடமும் முக்கியமானது. கிபி 2030இல் ஓர் அருங்காட்சியகம். பிரித்து வைக்கப்பட்ட சிட்டியிடம் ஒரு பள்ளிச் சிறுமி, உன்னை ஏன் கழற்றினார்கள் என்று கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதால்தான் என்ற பொருளில் அது விடை சொல்கிறது. கதவு அங்கே சாத்தப்பட்டது. சிந்திப்பதைக் குற்றமாகக் கருதிய மனிதர்கள், அதைத் தானே ஏற்றுத் தன்னைக் கழற்றிக்கொண்ட இயந்திரம் என்று இரு தரப்பையும் நம் மனத்தில் விட்டுவிட்டு முடிந்த படம் அது.

இரண்டாம் பாகம் எடுப்பவர் அந்தக் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டும். உடைக்கலாம், தவறில்லை. ஆனால் உறங்கும் ஒன்றை எழுப்பினால், அது எழுந்ததும் என்ன நினைக்கும் என்பதிலிருந்துதானே கதை தொடங்க வேண்டும்? சிந்தித்ததற்காகக் கழற்றப்பட்டவன், தேவை வந்ததும் மறுபடி பூட்டப்படுகிறான். ஒரு வார்த்தை கோபம் வேண்டாமா? ஒரு தயக்கமாவது? '2.0'வில் சிட்டி எழுந்ததும் வேலைக்குப் போகிறான்.

சிவப்புச் சில்லின் கதையும் இதுதான். முதற்படத்தில் அது அழிவின் குறி. உணர்ச்சி பெற்ற இயந்திரம் எந்தக் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதற்கான அடையாளம். இரண்டாம் படத்தில் அதே சில்லைப் பொருத்தினால் நாயகனுக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது, அரங்கு விசிலடிக்கிறது. தம் முதற்படம் எதை அஞ்சச் சொன்னதோ அதையே கொண்டாடச் சொன்னார்கள். அதைக் கதையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

காத்திருப்பு என்பதிலேயே இரண்டு வகை உண்டு. 'எந்திரன்' திடீரென்று வந்ததன்று. 2000ஆம் ஆண்டையொட்டிக் கமல்ஹாசனை வைத்து 'ரோபோ' என்ற பெயரில் திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்ட கதை அது. பத்தாண்டு ஊறிய பிறகே திரைக்கு வந்தது. '2.0'வின் படப்பிடிப்பு 2015 இறுதியில் தொடங்கியது. 2017 தீபாவளி என்றார்கள், பிறகு 2018 ஜனவரி என்றார்கள், பிறகும் தள்ளிப்போயிற்று. அங்கே காத்திருந்தது கணினி வரைகலைக்காக. முன்னது கதை கனியக் காத்த காலம். பின்னது கதை முடிவாகிவிட்ட பின் படம் தயாராகக் காத்த காலம். பார்வையாளனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அவன் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒவ்வொரு மாதமும் மனத்துக்குள் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

வெளிநாட்டு உதாரணங்களும் இதையே சொல்கின்றன. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் ஹால் என்ற கணினி விண்கலத்து மனிதர்களை ஏன் கொன்றது என்பதைப் படம் விளக்காமலே விட்டது. 1984இல் வந்த அதன் தொடர்ச்சி விளக்கிவிட்டது: பயணத்தின் நோக்கத்தை மறைக்கும்படி இட்ட கட்டளையால் அதற்குள் முரண் விளைந்ததாம். விளக்கம் பொருத்தமானதே. ஆனால் அதன்பின் ஹால் அச்சுறுத்துவதில்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும் வெளிதான் தெரியும். அங்கே ஒரு சிலையைக் கொண்டுபோய் வைத்தால் இரகசியம் போய்விடும் என்றார் எங்கள் சிதம்பரம் நண்பர்.

வென்ற தொடர்ச்சிகளும் உண்டு. 1984இன் 'டெர்மினேட்ட'ரில் கொல்ல வந்த இயந்திரம் 1991இன் இரண்டாம் பாகத்தில் காக்க வருகிறது. இயந்திரத்திடமிருந்து தப்ப முடியுமா என்று முதற்படம் கேட்டது; இயந்திரம் உயிரின் மதிப்பைக் கற்க முடியுமா என்று இரண்டாவது கேட்டது. நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 'என் இனிய இயந்திரா'வில் நிலாவுக்குத் துணையாக வந்த இயந்திர நாய், 'மீண்டும் ஜீனோ'வில் தலைப்பிலேயே வந்து அமர்ந்துகொண்டது. சுஜாதா அதே கதையைப் பெரிதாக்கவில்லை. பக்கத்தில் நின்றவனை நடுவுக்குக் கொண்டுவந்தார். '2.0'வில் வரும் பெண் இயந்திரத்துக்கு நிலா என்றுதான் பெயர். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இனி எங்களுக்கு மெய்யாகவே வலித்த இடத்துக்கு வருகிறோம்.

'2.0'விலும் ஒரு பெரிய கேள்வி இருந்தது. பட்சிராஜன் என்ற முதியவர் பறவைகளை நேசிக்கிறார். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் அவை சாகின்றன என்று நம்புகிறார். கதவுகளைத் தட்டுகிறார், ஒருவரும் கேட்கவில்லை, கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிர் விடுகிறார். அக்ஷய் குமார் நடித்த அந்த அரைமணி நேரம்தான் படத்தின் உயிர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று காற்றில் கலந்து உயிர்களை வாட்டுகிறது, முறையிட்டால் கேட்பாரில்லை என்பது கடலூர்க்காரர்களுக்குக் கற்பனைக் கதையன்று.

படம் முடிந்து சிதம்பரம் நண்பர்களை வழியனுப்பப் பேருந்தில் நாங்களும் சிறிது தூரம் சென்றோம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் 1980களில் அமைந்த சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டை வரும். அவ்வழியே போகிறவர்களுக்கு அந்த நாற்றத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதைச் சுற்றியுள்ள கிராமத்தார் நெடுங்காலம் நாறுகிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்றத்தை யாரும் சான்றாக ஏற்பதில்லை. 2004இல் அவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்தார்கள். வாளிக்குள் தனிவகைப் பை. வாளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிறையும். பையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்னென்ன வேதிப்பொருள், எவ்வளவு என்று எண்ணாகத் திரும்பி வரும். எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன நாற்றம் என்று குறித்தும் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பிடித்துக் காட்டினார்கள். அறிவியல் என்றால் அதுதான்.

படத்தில் பட்சிராஜனுக்கு அந்த வாளி கிடைக்கவில்லை. செத்ததும் எதிர்மறை ஆற்றலாகி, கைப்பேசிகளைத் திரட்டிப் பேருருவப் பறவையாகிவிடுகிறார். அறிவியல் படம் பேய்ப்படமாகிறது. கோபுரங்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பு அலசத்தக்க செய்தி. இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் இதற்கென நிபுணர் குழு அமைத்தது. 2012 செப்டம்பரில் கோபுரக் கதிர்வீச்சின் வரம்பு பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையோ, நாடளவில் சிட்டுக்குருவி பெரிதும் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது, கோபுரமே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றது. கூடுகட்ட இடமும் குஞ்சுக்குப் புழுவும் இல்லாமற்போவது பேசப்படும் காரணங்கள். பட்சிராஜன் ஒருவேளை தவறான குற்றவாளியைப் பிடித்த நல்ல மனிதராக இருக்கலாம். எத்தனை நல்ல கதை அது! படம் வெளியாகுமுன் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் அறிவியலுக்குப் புறம்பானது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. அவர்கள் அஞ்சியிருக்க வேண்டியதில்லை. படம் அந்த விவாதத்துக்குள் போகவேயில்லை.

இறுதிச் சண்டையில் நுண் இயந்திரங்கள் புறாக்களின் மீது அமர்ந்து வருகின்றன. பறவைக்கு ஊறு செய்ய மனம் வராத பட்சிராஜன் தடுமாறுகிறார், வீழ்கிறார். எதிரியின் கருணையே அவனுக்கு எதிரான ஆயுதம். முதற்படத்தின் சிட்டி இதைச் செய்திருந்தால் ஒரு சிறுமியாவது ஏன் என்று கேட்டிருப்பாள். இங்கே கைதட்டல்தான் கேட்டது. முடிவில் பட்சிராஜன் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று வசீகரன் கூறுவது, அடக்கம் முடிந்தபின் வாசிக்கும் இரங்கற்பா.

அந்த நவம்பரில் இன்னொன்றும் நடந்திருந்தது. படம் வருவதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, 16ஆம் தேதி, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. டெல்டாவில் கோபுரங்கள் சாய்ந்தன. உறவினர் உயிரோடிருக்கிறார்களா என்று அறிய முடியாமல், நாங்கள் ஒரு மணிச்சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தோம். கைப்பேசி இல்லாமற்போனால் மனிதர் என்ன ஆவார்கள் என்பதை அவ்வாரமே வாழ்ந்து பார்த்தவர்கள், கைப்பேசிகளெல்லாம் வானேறிப் பறக்கும் படத்துக்கு வந்திருந்தோம். அதில் ஒரு வீட்டின் தவிப்பைக்கூடக் காட்டவில்லையே என்பதுதான் எங்கள் மௌனத்தின் பொருள் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் பாகம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அடுத்து ஒன்று வந்தாலும் ஐவரும் போவோம். ஒன்றே ஒன்று கேட்கிறோம். சிட்டியை மறுபடி எழுப்புகிறவர்கள், எவ்வளவு உயரம் வளரப்போகிறான் என்பதை அப்புறம் முடிவு செய்யட்டும். கண் விழித்ததும் அவன் கேட்கப்போகும் முதற்கேள்வி என்ன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆனாலும் காத்திருக்கிறோம்.